முதலில் மேடையேறுபவர்கள்: இசை நிகழ்ச்சிகளும் எங்கள் மைதானங்களும்

2024 பெப்ரவரி 9ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடந்ததை நேரில் பார்த்தவர்களை விடத் தொலைபேசித் திரையில் பார்த்தவர்களே அதிகம். ஹரிஹரனின் இசை நிகழ்ச்சி. தமன்னா, ரம்பா, யோகி பாபு எனத் திரை நட்சத்திரங்களும் வந்திருந்தார்கள். கட்டணம் செலுத்தியவர்களுக்கு முன்னால் ஆசனங்கள். இலவசமாக வந்தவர்களுக்குப் பின்னால் இடம். சனம் எதிர்பார்த்ததை விட அதிகமாக வந்தது. தடுப்புகள் சரிந்தன, பின்னால் நின்றவர்கள் முன்னால் வந்தார்கள், நிகழ்ச்சி இடையில் நின்றது. பொலிஸார் தலையிட்ட பின்னரே மீண்டும் தொடங்கியது.

அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னர், 2023 ஒக்டோபர் 21ஆம் திகதி, அதே யாழ்ப்பாணத்தில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனின் இலவச நிகழ்ச்சி. இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் புலம்பெயர் நாடுகளிலும் நடந்த வாதங்களை நான் கவனமாகப் பின்தொடர்ந்தேன். ஒரு தரப்பு இளைஞர்களின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசியது. இன்னொரு தரப்பு ஏற்பாட்டாளர்களைக் குற்றம் சாட்டியது. மூன்றாவது தரப்பு, இத்தனை இழப்புக்குப் பிறகு இந்தக் கொண்டாட்டம் தேவையா என்று கேட்டது. நான்காவது தரப்பு, பதினைந்து வருடங்களாக அழுத சனத்துக்கு ஒரு இரவு ஆட உரிமை இல்லையா என்று திருப்பிக் கேட்டது.

இந்த நான்கு தரப்பும் கேட்காத ஒரு கேள்வி உண்டு. பெரிய பெயர் மேடைக்கு வருவதற்கு முன்னர், அந்த மேடையில் ஏறியது யார்? அல்லது ஏறியிருக்க வேண்டியது யார்? மட்டக்களப்பில் இருந்து எழுதும் எனக்கு இந்தக் கேள்வி சிறியதாகத் தெரியவில்லை. இங்கும் வெபர் மைதானத்திலும் கல்லடிக் கடற்கரையிலும் கோயில் வீதிகளிலும் மேடைகள் எழும்புகின்றன. வருடா வருடம் ஒலிபெருக்கிகள் பெரிதாகின்றன. ஆனால் வாவியின் இரண்டு கரையிலும் பிறந்த இசைக்கு அந்த மேடைகளில் கிடைக்கும் நேரம் மட்டும் கூடவில்லை.

வெற்று நாள் இல்லாத நாட்காட்டி

முதலில் மூன்றாவது தரப்பின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஒக்டோபர் 21 என்பது 1987இல் யாழ். போதனா வைத்தியசாலைக்குள் இந்தியப் படையினர் நுழைந்து வைத்தியர்கள், தாதியர், ஊழியர்கள், நோயாளர்கள் என 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற நாள். வைத்தியசாலைக்கும் முற்றவெளிக்கும் இடையில் நடந்துபோகும் தூரந்தான். முற்றவெளியும் வெறும் மைதானம் அல்ல. 1974 ஜனவரி 10ஆம் திகதி நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாள் நிகழ்வுக்குத் திரண்டிருந்த மக்கள் மீது பொலிஸார் நடத்திய தாக்குதலின்போது உயிரிழந்தவர்களுக்கான நினைவுத்தூபி அங்கேயே நிற்கிறது. நிகழ்ச்சி பார்க்க வந்து, கூட்டத்தோடு கூட்டமாகச் செத்துப்போன சனத்தின் நினைவிடம் அது.

அப்படியானால் அந்த நாளில் பாடக்கூடாது, அந்த இடத்தில் பாடக்கூடாது என்று சொல்லிவிடலாமா? மட்டக்களப்பு மாவட்டத்துக்கு இந்த விதியைப் பொருத்திப் பாருங்கள். ஜனவரி 28, கொக்கட்டிச்சோலை, 1987. ஜூன் 12, மகிழடித்தீவு, 1991. ஓகஸ்ட் 3, காத்தான்குடிப் பள்ளிவாசல்கள், 1990. செப்டெம்பர் 5, வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமில் இருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்ட நாள், 1990. நான்கு நாள் கழித்து, செப்டெம்பர் 9, சத்துருக்கொண்டான்; 180க்கும் மேற்பட்டவர்கள். டிசெம்பர் 25, 2005, நள்ளிரவுத் திருப்பலியில் வைத்து ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக்கொல்லப்பட்டது. டிசெம்பர் 26, 2004, சுனாமி. ஏப்ரல் 21, 2019, சீயோன் தேவாலயம். இவை எல்லோருக்கும் தெரிந்தவை மட்டுமே. ஒவ்வொரு கிராமத்துக்கும் தனித்தனி நாட்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள் இருக்கிறது.

எங்கள் நாட்காட்டியில் வெற்று நாள் இல்லை. எனவே திகதியை வைத்துத் தடை கேட்பது நடைமுறையில் எல்லா நாளும் வாயை மூடச் சொல்வதாக முடியும். ஆனால் திகதியைத் தெரிந்துகொள்ளாமலே வருவது வேறு விடயம். ஒரு ஏற்பாட்டாளர் மைதானத்துக்கு விண்ணப்பிக்கும்போதே இந்த நாளில் இந்த ஊரில் என்ன நடந்தது என்று விசாரித்திருக்க வேண்டும். விசாரித்துவிட்டு, மேடையில் ஒரு நிமிடம் விளக்கை அணைத்து அதைச் சொல்லிவிட்டுப் பாடினால், மூன்றாவது தரப்பில் பலர் எதிர்க்கமாட்டார்கள் என்பது என் எண்ணம். செத்த வீட்டிலும் எங்களிடம் பாட்டு இருந்தது. ஒப்பாரியும் பாட்டுத்தான், பறையும் இசைதான். துக்கத்துக்கும் இசைக்கும் பகை என்று எங்கள் மரபு ஒருபோதும் சொன்னதில்லை. துக்கம் இருப்பதையே அறியாத மேடைதான் சனத்தைப் புண்படுத்துகிறது.

எந்தப் பாட்டுக்கு அனுமதி

நான்காவது தரப்பு, ஆட உரிமை இல்லையா என்று கேட்கிறது. உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமை எங்கே முடிகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

2023 நவம்பரில் மாவீரர் நாளையொட்டி இந்த மாவட்டத்திலேயே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதுகள் நடந்தன. 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டத்தின் சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சியதற்காக மூன்று பெண்கள் உட்பட நால்வர் கைது செய்யப்பட்டார்கள். முற்றவெளியில் ஆயிரக்கணக்கானோர் கூடிய அதே பருவத்தில், பத்துப் பதினைந்து பேர் ஒரு பானையைச் சுற்றிக் கூடியது குற்றமாயிற்று. கூட்டம் கூடுவதில் அரசுக்குப் பிரச்சினை இல்லை. எதற்காகக் கூடுகிறார்கள் என்பதில்தான் பிரச்சினை.

இசையிலும் இதே நிலைதான். 1980களில் இருந்து 2009 வரை வடக்கு, கிழக்கில் உருவான பாடல்களில் பெரும்பகுதி இன்று பொதுமேடையில் பாட முடியாதவை. அவற்றை எழுதிய புதுவை இரத்தினதுரை 2009 மே மாதம் இராணுவத்திடம் சரணடைந்தவர்களில் ஒருவர் என்று அவருடைய குடும்பத்தினர் சொல்கிறார்கள். இன்றுவரை பதில் இல்லை. அவற்றைப் பாடிய எஸ். ஜி. சாந்தன் 2017இல் நோயில் இறந்தார். அந்தப் பாடல்களின் அரசியலை ஏற்பவர்களும் இருக்கிறார்கள், மறுப்பவர்களும் இருக்கிறார்கள். கிழக்கில் அந்த மறுப்புக்குச் சொந்தக் காரணங்கள் உள்ளவர்களும் இருக்கிறார்கள். ஆனால் முப்பது வருட இசை வரலாறு சட்டத்துக்குப் பயந்து தொலைபேசிக்குள் ஒளிந்திருக்கும்போது, மேடையில் மிஞ்சுவது திரைப்பாட்டு மட்டுமே. இளைஞர்களுக்கு வேறு ரசனை இல்லை என்று குறை சொல்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இலவச நிகழ்ச்சி ஒன்றை யார் தமதாக்கிக்கொள்கிறார்கள் என்பது உலகில் வேறு இடங்களிலும் எழுந்த கேள்வி. வேரிசையை உலகுக்குக் கொண்டுபோன பொப் மார்லி 1976 டிசெம்பரில் கிங்ஸ்டனில் ஒரு இலவச நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொண்டார். ஜமெய்க்காவின் இரண்டு கட்சிகளின் ஆயுதக் குழுக்களும் தெருவில் மோதிக்கொண்டிருந்த காலம். மார்லி ஒப்புக்கொண்ட பிறகு ஆளும் கட்சி அதையொட்டித் தேர்தலை அறிவித்தது. எந்தக் கட்சிக்கும் சாராமல் நடக்க வேண்டிய நிகழ்ச்சி ஆளும் கட்சியின் மேடைபோலத் தோற்றம் கொண்டது. டிசெம்பர் 3ஆம் திகதி வீட்டில் வைத்து மார்லி சுடப்பட்டார். இரண்டு நாள் கழித்துக் காயத்தோடு மேடையேறிப் பாடினார். 1978 ஏப்ரலில் நடந்த இன்னொரு நிகழ்ச்சியில் பிரதமர் மான்லியையும் எதிர்க்கட்சித் தலைவர் சியாகாவையும் மேடைக்கு அழைத்துக் கைகோர்க்க வைத்தார். அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் வன்முறை அடுத்த தேர்தலில் இன்னும் மோசமானது.

இதில் எங்களுக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒரு நிகழ்ச்சி இயல்புநிலை திரும்பிவிட்டது என்பதற்குச் சாட்சியாக எளிதில் மாற்றப்படும். ஒரு நிகழ்ச்சியால் அரசியல் தீர்வும் வராது. எனவே இசை நிகழ்ச்சியிடம் நாங்கள் கேட்க வேண்டியது சமாதானத்தை அல்ல, தீர்வையும் அல்ல. மேடை, நேரம், ஊதியம், மரியாதை என்ற, அதனால் தரக்கூடிய விடயங்களையே கேட்க வேண்டும்.

வாவியின் இரு கரைகள்

வேரிசை என்று இப்போது சொல்கிறார்கள். ஊரின் தாளத்தையும் மொழியையும் எடுத்து, கிற்றார், றம்ஸ், பேஸ் என்பவற்றோடு சேர்த்து வாசிப்பது. தமிழில் அண்மைக்கால உதாரணம், 2018 ஜனவரி 6ஆம் திகதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சியை நடத்திய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ். இயக்குநர் பா. ரஞ்சித்தின் முன்னெடுப்பில், இசையமைப்பாளர் தென்மாவின் ஒருங்கிணைப்பில், 19 பேர் கொண்ட குழு. கானாவும் பறையும் அங்கே பக்கவாத்தியமாக வரவில்லை, நடுவில் நின்றன. சாவு வீட்டில் பாடியவர்களும் அடித்தவர்களும் நுழைவாயிலில் நிற்காமல் மேடையின் மையத்துக்கு வந்தார்கள்.

அதற்கு ஈடாக ஒன்றை உருவாக்க மட்டக்களப்பு வாவிக் கரையில் என்ன இல்லை? இந்த வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். அதன் கிழக்குக் கரை எழுவான்கரை. மேற்குக் கரை படுவான்கரை. எழுவான்கரையில் நகரம், மைதானம், மண்டபம், விடுதி, வங்கி. படுவான்கரையில் வயல், குளம், களரி. வடமோடியும் தென்மோடியும் இன்றும் ஊர்க்கூத்தாக உயிரோடு இருப்பதில் படுவான்கரைக் கிராமங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. சட்டங்கொடுத்தலில் தொடங்கி, மாதக்கணக்கில் பழகி, சதங்கை அணிந்து, அரங்கேறும் வரை ஒரு ஊரே அதில் ஈடுபடும். அண்ணாவியார் மத்தளம் அடிக்க, சல்லரி ஒலிக்க, விடிய விடிய ஆடுவார்கள்.

போர் கூத்தை நேரடியாகத் தாக்கியது. இரவில் ஒன்றுகூட முடியாத ஊரில் விடிய விடிய ஆட முடியாது. பிள்ளைகள் பிடிக்கப்படும் ஊரில் இளைஞர்கள் களரியில் நிற்கமாட்டார்கள். 2006இலும் 2007இலும் வாகரை தொடங்கிப் படுவான்கரை வரை சனம் இடம்பெயர்ந்தபோது உடுப்பும் முடியும் ஏடும் வீடுகளோடு போயின. அதையெல்லாம் தாண்டித்தான் கூத்துத் திரும்பி வந்திருக்கிறது. அரசோ நிறுவனங்களோ அதை மீட்டுத் தரவில்லை. ஊர்கள்தான் கோயில் சடங்கோடு சேர்த்து அதைக் காப்பாற்றி வைத்திருந்தன.

கூத்து மட்டுமல்ல. கிழக்கின் முஸ்லிம் கிராமங்களில் பொல்லடியும் றபானும் இருக்கின்றன. மட்டக்களப்பு நகரத்தில் போர்த்துக்கேயப் பறங்கியர் இருக்கிறார்கள். போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டியது 1628இல். பத்து வருடத்தில் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். ஆனால் அந்த மொழியின் கிரியோல் வடிவம் 400 வருடம் கழித்தும் இங்கே சில வீடுகளில் பேசப்படுகிறது. அதைப் பதிவு செய்ய லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர் ஹ்யூகோ கார்டோசோ வந்தார். அவர்களுடைய கல்யாண வீடுகளில் வயலினோடு ஆடும் கஃப்ரிஞ்ஞாதான் இலங்கை முழுவதும் ஆடும் பைலாவின் நெருங்கிய உறவு. 2004 சுனாமி அந்தச் சமூகம் நெருக்கமாக வாழ்ந்த டச்பார் பகுதியை அடித்துச் சென்றது. பைலாவுக்குக் கொழும்பில் தொலைக்காட்சி நேரம் இருக்கிறது. அதன் மூத்த உறவுக்கு மட்டக்களப்பில் மேடை நேரம் இல்லை.

இந்தப் பைலாத் தாளத்தை எடுத்துத் தமிழில் பாடித்தான் 1960களிலும் 70களிலும் ஈழத்துப் பொப் இசை பிறந்தது. நித்தி கனகரத்தினத்தின் பாடல்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சையும் பகிடியையும் அப்படியே கொண்டுவந்தன. திருகோணமலையில் இருந்து பரமேஸ், கோணேஸ் சகோதரர்கள் வந்தார்கள். ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ கடல் கடந்து போய், 1977இல் இளையராஜா இசையமைத்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இடம்பிடித்தது. அன்று பாட்டு இங்கிருந்து அங்கே போனது. இலங்கை வானொலிக்குத் தமிழ்நாடே காது கொடுத்தது. 1970களில் இந்திய இறக்குமதிகளுக்கு இருந்த கட்டுப்பாடுகளும், வானொலியில் உள்ளூர்ப் பாடலுக்கென்று ஒதுக்கிய நேரமும் அதற்கு உதவின. திறமை அன்றைக்கு அதிகம் இருந்தது, இன்றைக்குக் குறைந்துவிட்டது என்று நான் நம்பவில்லை. அன்று நேரம் ஒதுக்கப்பட்டது, இன்று ஒதுக்கப்படவில்லை. 1983க்குப் பிறகு அந்தக் கலைஞர்களும் கேட்பவர்களும் நாடு நாடாகச் சிதறிப் போனார்கள் என்பதும் உண்மை.

முன்வரிசை நிரம்பும் வரை

பெரிய நிகழ்ச்சிகளில் முதலில் ஏறும் குழுவின் நிலை என்ன? கடந்த சில வருடங்களில் இந்தப் பக்கத்து நிகழ்ச்சிகள் பலவற்றுக்குச் செய்தியாளராகப் போயிருக்கிறேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

உள்ளூர்க் குழு பிற்பகலே வந்துவிடும். சவுண்ட் செக் வந்த கலைஞர்களுக்கு மட்டும் நடக்கும். உள்ளூர்க் குழுவுக்கு நேரம் போதவில்லை என்பார்கள். மத்தளத்துக்கும் பறைக்கும் தனி ஒலிவாங்கி வைக்கப் பழகிய ஒலியமைப்பாளர் இருக்கமாட்டார்; றம்ஸுக்கு வைத்ததையே திருப்பிப் பிடிப்பார். நாற்பது நிமிடம் என்று சொன்னது பதினைந்து நிமிடமாகச் சுருங்கும். அதற்குள் அரசியல்வாதி ஒருவர் வந்தால் பாட்டை நிறுத்திப் பொன்னாடை. சுவரொட்டியில் பெயர் இருக்காது; இருந்தால் “உள்ளூர்க் கலைஞர்கள்” என்று ஒரு வரி. ஊதியம் கேட்டால், இவ்வளவு பெரிய மேடை கிடைத்ததே என்ற பதில். பஸ் காசும் சாப்பாடும் கிடைத்தால் நல்ல ஏற்பாட்டாளர்.

சனமும் அந்த நேரத்தில் வந்துகொண்டுதான் இருக்கும். முன்வரிசை நிரம்பும் வரை சத்தம் வேண்டும். அதற்காக ஒரு குழு. இதைத்தான் நாங்கள் வாய்ப்புக் கொடுத்தோம் என்று சொல்கிறோம்.

இதைவிடக் கசப்பான இன்னொன்றும் இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் 1990களின் பிற்பகுதியில் பேராசிரியர் சி. மௌனகுரு உருவாக்கிய இன்னியம் இங்கே பலருக்குத் தெரியும். மேற்கத்திய பான்ட் அணிக்குப் பதிலாக, மத்தளம், பறை, சங்கு, எக்காளம் என எங்கள் வாத்தியங்களைக் கூத்து உடையோடும் கூத்து அசைவோடும் சேர்த்த அணி. பேராசிரியர் சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் நண்பர்களும் அதைப் பாடசாலைகளுக்கும் ஊர்களுக்கும் கொண்டுபோனார்கள். சாவு வீட்டோடு மட்டும் வைத்துத் தாழ்த்தப்பட்ட பறையை எல்லாச் சாதிப் பிள்ளைகளும் தோளில் போட்டு அடித்தார்கள். அது சிறிய விடயம் அல்ல.

ஆனால் அந்த யோசனையை அதிகாரிகளும் ஏற்பாட்டாளர்களும் எடுத்துக்கொண்ட விதம் வேறு. இப்போது எந்த விழாவானாலும் வாசலில் பாரம்பரிய வாத்தியம் வேண்டும், அமைச்சர் காரில் இருந்து இறங்கி மண்டபத்துக்குள் போகும் வரை. கதவு மூடியதும் வாத்தியக்காரர் வெளியே நிற்பார்கள். உள்ளே கீபோர்ட் வாசிக்கும். ஊரில் பறையடிக்கும் குடும்பங்கள் சாவு வீட்டில் முற்றத்துக்கு வெளியே நின்ற காலம் ஒன்று இருந்தது, சில இடங்களில் இன்னும் இருக்கிறது. பாரம்பரியம் என்ற பெயரில் அதே நிலையை மண்டப வாசலில் புதுப்பிக்கிறோம்.

கூத்தில் முதலில் வருபவரின் நிலை இப்படி இல்லை. கட்டியகாரன்தான் முதலில் களரிக்கு வருவான். அரசன் வருகிறான் என்று சொல்வது அவன் வேலை. ஆனால் அவனுக்குச் சொந்த வரவு உண்டு, சொந்தத் தாளம் உண்டு, பார்ப்பவர்களோடு பேச உரிமை உண்டு, அரசனையே பகிடி பண்ணும் துணிவும் உண்டு. சனம் அவனை இடம் நிரப்ப வந்தவனாகப் பார்ப்பதில்லை. முதலில் மேடையேறுபவரை எப்படி நடத்துவது என்பதற்கு எங்கள் களரியிலேயே முறை இருந்திருக்கிறது.

மைதானத்தைக் கொடுப்பது யார்

இதையெல்லாம் ஏற்பாட்டாளரின் நல்ல மனத்துக்கு விட்டுவிட முடியாது. வியாபாரி வியாபாரத்தைத்தான் பார்ப்பார். மைதானம் பொதுச் சொத்து. அதைக் கொடுப்பவர் நிபந்தனை போடலாம்.

உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6இல். இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் மாநகர சபைகளும் பிரதேச சபைகளும் அதிகாரிகளின் கையில் இருந்தன. மாகாண சபைகள் இன்னும் மோசம்: கிழக்கில் 2017 செப்டெம்பரில் இருந்தும், வடக்கில் 2018 ஒக்டோபரில் இருந்தும் தெரிவுசெய்யப்பட்ட சபை இல்லை. யாழ்ப்பாணத்தின் அந்த இரண்டு பெரிய நிகழ்ச்சிகளும் நடந்தபோது, சனம் வாக்களித்துத் தெரிந்த ஒரு மாநகர உறுப்பினர்கூடக் கேள்வி கேட்கும் இடத்தில் இருக்கவில்லை. இலவசப் பகுதியில் எத்தனை பேருக்கு இடம், வெளியேறும் வழி எத்தனை, அம்புலன்ஸ் எங்கே நிற்கும், அருகில் உள்ள வைத்தியசாலைக்கு அறிவித்தாயிற்றா என்ற கேள்விகளைச் சபையில் எழுப்ப ஆள் இல்லை. அன்று உயிரிழப்பு இல்லாமல் முடிந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

இப்போது சபைகள் இருக்கின்றன. எனவே கேட்கலாம். சட்டமும் ஓரளவு இருக்கிறது. 2007இல் உச்ச நீதிமன்றம் ஒலிபெருக்கிகள் பற்றி வழங்கிய தீர்ப்பின்படி இரவு 10 மணியில் இருந்து காலை 6 மணி வரை பொதுவாக அனுமதி இல்லை. விசேட சமய நிகழ்வுகளுக்கு விதிவிலக்குக் கேட்கலாம். பெரிய ஏற்பாட்டாளர் 10 மணிக்குப் பிறகும் பாடுவதற்கு வழி கண்டுபிடித்துவிடுவார். விடிய விடிய ஆட வேண்டிய ஊர்க்கூத்துக்குக் கடிதம் எழுதவும் பொலிஸ் நிலையத்துக்கு நடக்கவும் அண்ணாவியாரே போக வேண்டும். ஒரே சட்டம், ஆனால் அதைத் தாண்டும் வசதி எல்லோருக்கும் ஒன்றல்ல.

வெளிநாடுகளில் இதற்குத் தீர்வுகள் இருக்கின்றன. கனடாவில் 1971இல் இருந்து வானொலிகள் ஒலிபரப்பும் பாடல்களில் குறிப்பிட்ட வீதம் கனடியப் பாடலாக இருக்க வேண்டும். தொடக்கத்தில் அது 30 வீதம். அமெரிக்கா என்ற பெரிய அயலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சொந்தக் குரலைக் காப்பாற்ற அந்த நாடு எடுத்த முடிவு அது. தமிழ்நாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு அந்த நிலை விளங்கும். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் அண்மையில், வெளிநாட்டுக் கலைஞரின் பெரிய நிகழ்ச்சியில் அவுஸ்திரேலியக் கலைஞர் ஒருவர் முதலில் மேடையேறினால் அரச அரங்கின் வாடகையில் கழிவு கொடுக்கத் தொடங்கியது. யாரையும் தடுக்கவில்லை; உள்ளூர்க் கலைஞரைச் சேர்த்தால் செலவு குறையும் என்று மட்டும் சொன்னது.

கேட்கக்கூடியவை

இந்த அனுபவங்களை வைத்து, எங்கள் சபைகளிடம் ஐந்து விடயங்களைக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. மைதானம் கொடுக்கும் ஒப்பந்தத்தில் எழுதினால் போதும்.

முதலாவது, வெளியில் இருந்து கலைஞர்கள் வரும் ஒவ்வொரு பெரிய நிகழ்ச்சியிலும் இந்த மாவட்டத்துக் குழு ஒன்றுக்குக் குறைந்தது 40 நிமிடம். சுவரொட்டியில் பெயர். முன்கூட்டியே எழுதிய ஊதியம். சவுண்ட் செக்குக்கு நேரம். இதைச் செய்பவருக்கு மைதான வாடகையில் கழிவு.

இரண்டாவது, அந்தக் குழு எழுவான்கரை நகரப் பகுதியில் இருந்தே ஒவ்வொரு முறையும் வரக்கூடாது. படுவான்கரைக் கூத்துக் குழு, முஸ்லிம் கிராமத்துப் பொல்லடி, பறங்கியர் இசை, பாடசாலைப் பெடியள் சேர்ந்து தொடங்கிய றொக் குழு, றாப் பாடும் பிள்ளைகள் எனச் சுழற்சியில் வர வேண்டும். பெண்கள் வாசிக்கும் குழுக்களுக்கு இரவில் வீடு திரும்ப வாகன வசதி ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். அது இல்லாமல் பெண்களையும் அழைத்தோம் என்று சொல்வதில் அர்த்தம் இல்லை.

மூன்றாவது, பாதுகாப்பு. எத்தனை பேருக்கு இடம் என்பது முன்கூட்டியே பகிரங்கமாக இருக்க வேண்டும். இலவசம் என்று அழைத்தால் இலவசமாக வருபவருக்கும் மேடை தெரிய வேண்டும். தடுப்பு விழுந்ததற்கு இளைஞர்களின் ஒழுக்கத்தைக் குறை சொல்வதற்கு முன்னர், பின்னால் நின்றவருக்கு என்ன தெரிந்தது என்று கேளுங்கள்.

நான்காவது, திகதி. ஊரின் நினைவு நாட்களின் பட்டியல் ஒன்று சபையில் இருக்க வேண்டும்; தமிழ், முஸ்லிம், பறங்கியர் என எல்லோருடைய நாட்களும் அதில் வர வேண்டும். தடை செய்வதற்காக அல்ல, தெரிந்துகொண்டு வருவதற்காக. ஏற்பாட்டாளர் அதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

ஐந்தாவது, ஊர்க்கூத்துக்கு அனுமதி எடுக்கும் வேலையைச் சபை தன் பொறுப்பில் எடுக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை ஊர்களிடம் திகதி கேட்டு, பொலிஸாரோடு பேசி முடித்துக் கொடுப்பது ஒரு எழுதுவினைஞரின் சில நாள் வேலை.

இவற்றுக்கு எதிராக ஒரு வாதம் வரும் என்று தெரியும். உள்ளூர்க் குழுக்களின் தரம் போதாது, சனம் கத்தும் என்பார்கள். சில குழுக்களின் தரம் போதாதுதான். நல்ல ஒலியமைப்பில், நிறைந்த சனத்தின் முன்னால், ஊதியத்தோடு பத்துத் தடவை வாசித்தால்தான் தரம் வரும். சவுண்ட் செக் இல்லாமல் பதினைந்து நிமிடம் கொடுத்துவிட்டுத் தரத்தை அளக்க முடியாது. சனம் கத்தும் என்பதையும் நான் முழுதாக ஏற்கவில்லை. இங்கே கோயில் வீதியில் மத்தளம் தொடங்கியதும் தொலைபேசியை வைத்துவிட்டுப் போகும் இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். அதே இளைஞர்கள்தான் கடற்கரையில் திரைப்பாட்டுக்கும் ஆடுகிறார்கள். அவர்களுக்கு இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு, அவர்கள் கேட்பது அது மட்டுந்தான் என்று நாங்கள் முடிவு செய்கிறோம்.

இன்னொரு வாதம் எங்கள் பக்கத்தில் இருந்தே வரும். காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், மயிலத்தமடு மேய்ச்சல் தரை என்று உயிர்ப் பிரச்சினைகள் இருக்கும்போது சவுண்ட் செக்கைப் பற்றி எழுதுகிறாயா என்று. மயிலத்தமடுப் பண்ணையாளர்களின் போராட்டத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். ஆனால் இவை தனித்தனிப் பிரச்சினைகளாக எனக்குத் தெரியவில்லை. எங்கள் மேய்ச்சல் தரையில் எங்களுக்கு உரிமை உண்டா என்பதும், எங்கள் மைதானத்தில் எங்கள் குரலுக்கு எத்தனை நிமிடம் என்பதும் ஒரே கேள்வியின் பெரிய வடிவமும் சிறிய வடிவமும். பெரியதற்குக் கொழும்பும் நீதிமன்றமும் பதில் சொல்ல வேண்டும். சிறியதற்கு நாங்கள் வாக்களித்துத் தெரிந்த எங்கள் சபையே பதில் சொல்லலாம். அடுத்த பெரிய நிகழ்ச்சிக்கான மைதான விண்ணப்பம் வரும்போது இந்த ஐந்தில் எதை ஒப்பந்தத்தில் சேர்த்தீர்கள் என்று உங்கள் வட்டார உறுப்பினரிடம் கேளுங்கள். நானும் கேட்கப்போகிறேன், கிடைக்கும் பதிலை எழுதுவேன்.